மண்ணும் மணலும்: விசாகேச சந்திரசேகரத்தின் கதைகளில் ஒரு வாக்குமூலம்

கற்பிட்டிக் குடாநாட்டின் வட கோடியில் இருக்கிறது உச்சமுனை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு, நடுவில் மணல். கடற்றொழிலை நம்பி வாழும் மக்கள். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் வரை நீளும் இந்தக் கரையோரத்தில் மொழி வேலிபோட்டுப் பிரிந்து கிடக்கவில்லை. வீட்டில் தமிழ், பாடசாலையில் சிங்களம் என்று வாழ்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். தாய் தமிழில் கூப்பிடுவாள், பிள்ளை சிங்களத்தில் பதில் சொல்லும். யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இலங்கையின் மற்ற இடங்களில் அப்படி இல்லை. எந்த மொழியில் பேசுகிறாய் என்பதே சோதனைச்சாவடியில் ஒருவரின் தலைவிதியைத் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. பொலிஸ் நிலையத்தில் எந்த மொழியில் உங்கள் வாக்குமூலம் எழுதப்படுகிறது என்பது அதைவிடப் பாரதூரமான விடயம். இந்தக் கட்டுரை அந்த வாக்குமூலத்தைப் பற்றியது. அதைச் சட்ட நூலாகவும் நாவலாகவும் திரைப்படமாகவும் திரும்பத் திரும்பக் கையில் எடுத்த ஒரு மனிதரைப் பற்றியது. அவர் விசாகேச சந்திரசேகரம்.

சட்டத்தரணி, நாவலாசிரியர், நெறியாளர்

விசாகேச சந்திரசேகரம் சட்டத்துறையைச் சேர்ந்தவர். கொழும்புப் பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் விரிவுரையாளராகக் கற்பித்தவர். நாடகமும் நாவலும் ஆங்கிலத்தில் எழுதினார். திரைப்படங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் எடுத்தார். இலங்கையின் மூன்று மொழிகளிலும் இப்படித் தடம் பதித்த படைப்பாளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அவரது ‘ஃபொர்பிடன் ஏரியா’ என்ற ஆங்கில நாடகம் 1999ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசைப் பகிர்ந்துகொண்டது. ‘த இங்கிலிஷ் பேஷண்ட்’ நாவலுக்கு 1992இல் புக்கர் பரிசு கிடைத்தபோது, அந்தப் பணத்தைக் கொண்டு மைக்கல் ஒண்டாச்சி தன் தாயாரின் குடும்பப் பெயரில் நிறுவிய பரிசு அது. ‘தடைசெய்யப்பட்ட பகுதி’ என்பது தலைப்பின் பொருள். தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்படும் ஒரு பெண்ணை மையமாகக் கொண்ட நாடகம். போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், தெற்கின் செய்திகளில் வெறும் உடற்சிதறலாக மட்டுமே வந்துகொண்டிருந்த ஒருத்தியை மேடையில் பேசவைத்தது.

போர் முடிந்த பின் ‘டைகர்ஸ் டோன்ட் கன்ஃபெஸ்’ என்ற நாவல் வந்தது. புலிகள் வாக்குமூலம் கொடுப்பதில்லை என்று பொருள். பிறகு ‘த கிங் அன்ட் த அசாசின்’ என்ற நாவல். இடையில் 2014இல் ‘சயபெதி குசும’ என்ற முதல் திரைப்படம், ஆங்கிலத்தில் ‘ஃபிரான்ஜிபானி’. இரண்டு இளைஞர்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான உறவைச் சொல்லும் சிங்களப் படம். ஒருபால் உறவைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளால் குற்றமாக்கி வைத்திருக்கும் நாட்டில் எடுக்கப்பட்ட படம். முதல் படத்திலேயே, சட்டம் வாயடைக்கச் சொன்னவர்களைப் பேசவைக்கும் வேலையில் அவர் இறங்கிவிட்டார்.

2018இல் ‘பாங்ஷு’ என்ற சிங்களப் படம். 2023இல் ‘முன்னெல்’ என்ற தமிழ்ப் படம். முதலாவதன் ஆங்கிலப் பெயருக்கு மண் என்றும் இரண்டாவதற்கு மணல் என்றும் பொருள். பெயர்கள் இவ்வளவு நெருங்கி நிற்பதைப் போலவே கதைகளும் நெருங்கி நிற்கின்றன. அந்த நெருக்கத்தைப் பார்க்கும் முன், அதே மணலை அரை நூற்றாண்டுக்கு முன்னர் வேறொருவர் எப்படிப் பார்த்தார் என்பதைச் சொல்லவேண்டும்.

1971இல் வடக்கின் மணல்

இலங்கையில் இரு மொழிகளில் எழுதியவர், திரைப்படமும் எடுத்தவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் திஸ்ஸ அபேசேகர. 1939இல் பிறந்தவர். ‘விராகய’ (1987) போன்ற படங்களை இயக்கியவர். ‘பிரிங்கிங் டோனி ஹோம்’ என்ற ஆங்கிலப் படைப்புக்காக 1996இல் கிரேஷியன் பரிசு பெற்றவர். குடும்பம் நொடித்து வீடு மாறும்போது விட்டுவிட்டு வந்த நாயைத் தேடிப் போகும் ஒரு சிறுவனின் கதை அது. போர் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, 2009 ஏப்ரலில் அவர் காலமானார்.

திஸ்ஸ திரைக்கதை எழுதி, டி.பி. நிஹால்சிங்க இயக்கிய ‘வெலிகதர’ 1971இல் வெளிவந்தது. பாலைவனம் என்பது அதன் பொருள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடக்கும் கதை. இலங்கையின் முதல் சினிமாஸ்கோப் படம் என்பதால் அகன்ற திரை முழுக்க வடக்கின் மணல்வெளி விரிந்தது. காமினி பொன்சேகா அதில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர். ஜோ அபேவிக்ரம கடத்தல்காரர். சிங்களத் திரையின் ஆகச் சிறந்த படங்களில் ஒன்றாக அதைச் சொல்பவர்கள் பலர். நடிப்பிலும் காட்சியமைப்பிலும் அந்தப் பெயருக்கு அது தகுதியானதுதான்.

ஆனால் தமிழ் வாசகர் ஒருவர் இன்று அதைப் பார்த்தால் வேறொன்று உறுத்தும். அது தெற்கிலிருந்து வடக்குக்கு வந்த பொலிஸ் அதிகாரியின் கதை. வடக்கு அங்கே அவருடைய தனிமைக்கும் குழப்பத்துக்கும் பின்னணி. அந்த மணலில் பிறந்து வாழ்ந்தவர்கள் கதையின் மையத்தில் இல்லை. அந்தக் காலத்தில் அது பெரிய குறையாகத் தோன்றியிருக்காது. எட்டு ஆண்டுகள் கழித்து, காமினி ஏற்று நடித்த அதே பதவியிலுள்ள அதிகாரியின் கையில் ஒரு சட்டம் பேரதிகாரத்தைக் கொடுத்தது. அதன் பிறகு அந்தப் பதவிப் பெயரை நம்மவர்களால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

பிரிவு 16

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி நமக்குத் தெரியாதது குறைவு. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி வந்த சட்டம், தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. நீண்ட தடுப்புக்காவலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் வழக்குகளைத் தீர்மானித்தது பெரும்பாலும் வேறொரு பிரிவு.

பிரித்தானியர் 1895இல் கொண்டுவந்த சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கப்பட்ட குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொள்ளக்கூடாது என்கிறது. பொலிஸ் நிலையத்துக்குள் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், எதற்காக ஒப்புக்கொண்டார் என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும் என்பதுதான் அதற்கான நியாயம். குடியேற்ற ஆட்சிக்கே அவ்வளவு விளங்கியிருந்தது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு அதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுக்கப்பட்டதென்றால் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகிவிடும். அது அச்சுறுத்தியோ ஆசைகாட்டியோ பெறப்பட்டது என்றால், அதை நிரூபிக்கவேண்டிய பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிலேயே விழும். மூடிய அறைக்குள் இருந்தவர்கள் நாலு பேர். அடித்தவர்களும் எழுதியவரும் ஒரு பக்கம், அடிபட்டவர் மறு பக்கம். மாதக்கணக்கில் தடுத்துவைத்து, காயங்கள் ஆறிய பிறகு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படும் ஒருவர் எதைக் காட்டி நிரூபிப்பார்?

இது எப்படி வேலை செய்தது என்பதைச் சிங்கராசா வழக்கு காட்டியது. மட்டக்களப்பைச் சேர்ந்த தமிழரான அவர் 1993இல் கைதுசெய்யப்பட்டார். அவருக்குச் சிங்களம் தெரியாது. தன் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டதாகவும், தன்னால் வாசிக்க முடியாத அந்தத் தாளில் பெருவிரல் அடையாளம் வைக்கவைக்கப்பட்டதாகவும் அவர் சொன்னார். வழக்கின் முக்கிய ஆதாரமே அந்தத் தாள்தான். 1995இல் கொழும்பு மேல்நீதிமன்றம் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது.

2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இந்த வழக்கில் இலங்கை தவறிழைத்திருப்பதாகக் கூறியது. வாக்குமூலம் வற்புறுத்தலால் பெறப்பட்டதென்பதை நிரூபிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மேல் போட்டது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுகிறது என்றது. 2006இல் இலங்கையின் உயர்நீதிமன்றம் அந்த முடிவை ஏற்று வழக்கை மீளாய்வு செய்ய மறுத்தது.

ஒரு மனிதரின் கதையை அவருக்குப் புரியாத மொழியில் இன்னொருவர் எழுதுகிறார். கதை சொன்னவராகக் கையொப்பம் மட்டும் அவருடையது. அந்தக் கதைக்காக அவர் ஆயுளின் பாதியைச் சிறையில் கழிக்கவேண்டும். சட்டப் புத்தகத்தில் இது சாட்சிய விதி பற்றிய பிரச்சினை. இலக்கியக்காரர் ஒருவருக்கு, யார் கதையை யார் எழுதுவது என்ற பிரச்சினை. விசாகேச இரண்டு துறையிலும் காலூன்றியவர்.

ஆய்வு நூலும் நாவலும்

இலங்கையின் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டங்களின் கீழ் ஒப்புதல் வாக்குமூலங்கள் எவ்வாறு பயன்படுத்தப்பட்டன என்பது பற்றிய அவருடைய ஆய்வு 2017இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலாக வெளிவந்தது. பல்துறை ஆய்வு என்று தலைப்பிலேயே அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. சட்டத்தை மட்டும் வைத்து இந்த விடயத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்பது அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. நாட்டின் அரசியல், மொழி, சித்திரவதை ஒரு நடைமுறையாகிப்போன விதம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு ‘ஒப்புதல்’ உருவாகிறது.

நாவலின் தலைப்பையும் இந்த வெளிச்சத்தில் வாசிக்கவேண்டும். புலிகள் வாக்குமூலம் கொடுப்பதில்லை என்பது மேலோட்டமாகப் பார்த்தால் வீரவசனம். உண்மையில் அதற்குள் ஒரு கசப்பான முரண் இருக்கிறது. சயனைட் குப்பியைக் கழுத்தில் கட்டியவர்கள் பிடிபடாமலே போயிருக்கலாம். ஆனால் நீதிமன்றங்களில் குவிந்துகிடந்தவை வாக்குமூலங்கள்தான். அப்படியென்றால் அவற்றில் கையொப்பமிட்டவர்கள் யார்? உண்மையில் போராளியாக இருந்தவர் எத்தனை பேர், தேநீர் கொடுத்ததற்காக, வீடு வாடகைக்குக் கொடுத்ததற்காக, ஒரு பெயர் ஒத்துப்போனதற்காக உள்ளே போனவர் எத்தனை பேர்? வாக்குமூலத் தாள் இவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரித்தான் பேசவைக்கும்.

நாவலால் செய்யக்கூடியது இதுதான்: அந்த ஒரே மாதிரியான தாளுக்குப் பின்னால் இருக்கும் தனி மனிதரைத் திரும்பக் கொண்டுவருவது. அவர் எங்கே படித்தார், யாரை விரும்பினார், எதற்குப் பயந்தார் என்று சொல்வது. நீதிமன்றத்துக்கு இவையெல்லாம் தேவையில்லாத விபரங்கள். வாசகருக்கு இவைதான் மனிதர்.

தெற்கின் தாய்

‘பாங்ஷு’ தமிழர் கதை அல்ல. 1987 முதல் 1989 வரை தெற்கில் நடந்த ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அரசு அடக்கிய விதமும் அதன் பின்னணி. அந்தக் காலத்தில் தூக்கிச் செல்லப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாய்தான் நாயகி. நீற்றா பெர்னாண்டோ நடித்திருக்கிறார். சலவைத் தொழில் செய்யும், சாதியால் ஒடுக்கப்பட்ட பெண். மகனைக் கொண்டுபோனவர்களில் ஒருவன் என்று அவள் அடையாளம் காணும் சிப்பாய் நீதிமன்றத்தில் நிற்கிறான். ஏழைத் தாய் ஒருத்தி சட்டத்தின் வாசலில் காத்துக்கிடப்பதைப் படம் பார்க்கிறது.

படத்தின் பெயரிலுள்ள ‘பாங்ஷு’ புழுதியைக் குறிக்கும் சொல். சிங்கள பௌத்தர்களின் மரணச்சடங்கில் பிக்குமாருக்கு வெண்துணி வழங்கும் சடங்கின் பெயரும் இதே வேரிலிருந்து வந்தது. உடல் கிடைக்காத மகனுக்குத் தாய் எந்தத் துணியை வழங்குவாள்?

இந்தப் படத்தை வடக்கில் ஒரு தாய் பார்த்தால் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. யாழ்ப்பாணத்தில் 1984இல் அன்னையர் முன்னணி உருவாகி, கைதுசெய்யப்பட்ட இளைஞர்களை விடுவிக்கக் கோரித் தெருவில் இறங்கியது. 1990இல் தெற்கில் அதே பெயரில் தாய்மார் அணிதிரண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற அரசியல்வாதிகளில் மகிந்த ராஜபக்‌ஷவும் ஒருவர் என்பது வரலாற்றின் குரூரமான நகைச்சுவை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே அந்தப் பந்தலில் இருந்த பெற்றோர் பலர் கண்மூடிவிட்டார்கள்.

இந்தத் தாய்மார் ஒருவரையொருவர் சந்தித்ததும் உண்டு, சந்தேகித்ததும் உண்டு. தெற்கின் தாய்மாருக்கு 1994க்குப் பிறகு ஆணைக்குழுக்களும் ஓரளவு நட்டஈடும் கிடைத்தன. தண்டனை பெற்ற அதிகாரிகள் மிகச் சிலர்தான். தங்கள் சொந்த இனத்துப் பிள்ளைகளுக்கே பதில் சொல்லாத அரசு நமக்கு எப்படிப் பதில் சொல்லும் என்று நம் ஆட்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ‘பாங்ஷு’ அதே கேள்வியைத் தெற்கின் பார்வையாளரிடம், அவர்களின் மொழியிலேயே கேட்கிறது.

வடக்கின் மகன்

‘முன்னெல்’ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. இம்முறை மொழி தமிழ், இடம் வடக்கு. ருத்திரன் முன்னாள் போராளி. போர் முடிந்தபின் பிணையில் வெளியே வருகிறான். தாயின் வீட்டுக்குத் திரும்புகிறான். அவன் தேடுவது வாணியை. அவன் நேசித்த பெண்ணை. அவள் எங்கே என்பது தெரியாது. சிவகுமார் லிங்கேஸ்வரன் ருத்திரனாக நடித்தார்.

இந்தக் கதையில் முக்கியமான சொல் ‘பிணை’. போர் முடிந்தபோது சரணடைந்த, பிடிபட்ட போராளிகள் சுமார் 12,000 பேர் என்று அரசு சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் புனர்வாழ்வு என்ற பெயரில் முகாம்களில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் வழக்குகளில் சிக்கினார்கள். பிணையில் வந்தவர் விடுதலையானவரும் அல்ல, சிறையில் இருப்பவரும் அல்ல. தவணைக்குத் தவணை நீதிமன்றம் போகவேண்டும். விசாரிக்க வருபவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். அயலவர் பேசப் பயப்படுவார்கள். வேலை கொடுப்பவர் யோசிப்பார். இந்த வாழ்க்கையைச் செய்தியாக எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடும். படம் அதை நாட்கணக்கில் வாழவைக்கிறது.

மணல் என்ற பெயருக்கும் பொருள் இருக்கிறது. ‘வெலிகதர’யில் மணல் ஓர் அதிகாரியின் தனிமைக்குத் திரைச்சீலை. இங்கே அது தேடுகிறவன் கால்புதைய நடக்கும் தரை. மணலில் சுவடு நிலைக்காது. தோண்டினால் என்ன வருமென்று யாருக்கும் தெரியாத நாட்டில், மண்ணைப் பற்றிப் பேசுவதே ஒரு விசாரணைதான்.

2023இல் ரொட்டர்டாம் சர்வதேசத் திரைப்பட விழாவின் பிரதான போட்டிப் பிரிவான டைகர் போட்டியில் ‘முன்னெல்’ நடுவர்களின் சிறப்பு விருதைப் பெற்றது. இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படமொன்றுக்கு இது சிறிய விடயம் அல்ல. இந்த நாட்டில் தமிழ்த் திரைப்படம் என்ற செடி எத்தனை தடவை பிடுங்கப்பட்டது என்பதை நினைத்தால் விளங்கும். 1960களில் ‘சமுதாயம்’, ‘தோட்டக்காரி’ என்று தொடங்கியது. ‘குத்துவிளக்கு’ (1972), செங்கை ஆழியானின் நாவலைக் கொண்டு எடுத்த ‘வாடைக்காற்று’ (1978) என்று தலைதூக்கியது. தமிழகப் படங்களோடு போட்டிபோட முடியாமல் தள்ளாடியது. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிந்தபோது படச்சுருள்களும் எரிந்தன. பிறகு போர்.

சிங்களத் திரைக்கலைஞர்கள் தமிழில் படமெடுத்த வரலாறும் உண்டு. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’யை 1977இல் எடுத்தார். அசோக ஹந்தகம 2012இல் ‘இனி அவன்’ எடுத்தார்; அதுவும் வீடு திரும்பும் முன்னாள் போராளியின் கதை. ‘முன்னெல்’ இந்த வரிசையில் வருகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. இதை எடுத்தவர், அந்தப் போராளியைச் சிறைவைத்த சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் அறிந்தவர்.

நம்மிடம் உள்ள கேள்விகள்

இத்தனையும் சொன்ன பிறகு, நம்மவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளையும் மறைக்கவேண்டியதில்லை. ஆங்கில நாவலை முல்லைத்தீவில் யார் வாசிப்பார்? ரொட்டர்டாமில் கைதட்டல் வாங்கிய படத்தைக் கிளிநொச்சித் திரையரங்கில் எத்தனை பேர் பார்ப்பார்கள்? நம் துயரம் வெளிநாட்டு விழாக்களுக்கான சரக்காகிவிடுகிறதா? இந்தக் கேள்விகள் விசாகேச ஒருவருக்கானவை அல்ல. போரைப் பற்றி எழுதிய, படமெடுத்த எல்லோருக்குமானவை. இதற்கு நல்ல பதில், அந்த நாவல்கள் தமிழில் மொழிபெயர்க்கப்படுவதும், படங்கள் ஊர் மண்டபங்களில் திரையிடப்பட்டு ஊர் மக்களோடு பேசப்படுவதும்தான். அது படைப்பாளியின் வேலை மட்டுமல்ல. நம் நூலகங்கள், சனசமூக நிலையங்கள், பல்கலைக்கழகங்களின் வேலையும்தான்.

படம் சட்டத்தை மாற்றுமா என்றும் கேட்கலாம். மாற்றாது. 2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார்கள். தடுப்புக்காவல் ஆணையின் உச்சகாலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. 16ஆவது பிரிவைத் தொடவில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலம் அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் சாட்சியம்தான்.

ஆனால் சட்டம் ஒரு மனிதரைப் பற்றி எழுதிவைத்த கதைக்கு எதிராக இன்னொரு கதை இருப்பது முக்கியம். வழக்கேடு மட்டுமே மிஞ்சினால், எதிர்காலத்தில் வரலாறு எழுதுபவர் கையில் கிடைப்பது அந்தப் பெருவிரல் அடையாளம் மட்டும்தான்.

கேளாமலே சொல்லவேண்டிய வாக்குமூலம்

மீண்டும் கற்பிட்டிக் கரைக்கு வருவோம். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் படகுகளில் ஏற்றப்பட்டு இந்தக் கற்பிட்டிக் கரையில்தான் இறங்கினார்கள். வடக்கு முழுவதிலுமாக சுமார் 75,000 பேர் வீடிழந்தார்கள். புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்து ஆளாகியது. தமிழ் பேசுபவர்களைத் தமிழின் பெயரால் விரட்டிய கதை அது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவரும் இன்னொரு படைப்பாளி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுமதி சிவமோகன், இதைத் தன் படங்களில் நேரடியாகவே கையில் எடுத்தார். ‘ஒற்றைத் தம்ளர்’ என்ற பொருள்படும் படமும், மன்னாரின் பாலைக்குளிக்கு மீளத் திரும்பிய முஸ்லிம்களைப் பற்றிய ஆவணப்படமும் அந்த வெளியேற்றத்தின் நிழலில் உருவானவை. 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மருத்துவர் ரஜனி திராணகமவின் தங்கை அவர். சொந்த இழப்பின் நடுவிலிருந்து அடுத்தவரின் இழப்பைப் பார்த்தவர்.

வாக்குமூலத்தில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று அடித்து வாங்குவது. அதில் உண்மை இருப்பது தற்செயல். மற்றது யாரும் கேளாமலே நாமாகச் சொல்வது. அதற்குத் தடுப்பறை தேவையில்லை, துணிவு தேவை. முதல் வகை வாக்குமூலத்தால் இவ்வளவு அடிபட்ட ஒரு சமூகம் இரண்டாவது வகையைக் கண்டு தயங்குவதில் ஆச்சரியமில்லை. ஒப்புக்கொள்வது என்ற சொல்லையே நாலாம் மாடியில் வைத்து நாசமாக்கிவிட்டார்கள். இருந்தாலும், தெற்கு தன் ‘பாங்ஷு’வைப் பார்க்கவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமென்றால், நம் பக்கத்து மணலையும் நாமே கிளறிப் பார்க்கத்தான் வேண்டும்.

விசாகேச சந்திரசேகரத்தின் வேலையில் பெறுமதியானது இதுவென்று தோன்றுகிறது. சிங்களத் தாயிடம் அவள் மொழியிலும், தமிழ் மகனிடம் அவன் மொழியிலும் அவர் போனார். இருவரையும் எதையும் ஒப்புக்கொள்ளும்படி கேட்கவில்லை. அவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லவிட்டார். பொலிஸ் நிலையத்தின் மேசையில் நடக்காதது அது.

உச்சமுனைக் கரையில் தாய் தமிழில் கூப்பிட்டுப் பிள்ளை சிங்களத்தில் பதில் சொல்லும்போது, இருவருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. கூப்பிடும் குரலும் கேட்கும் காதும் போதும்.